பொற்பலகையும் மூன்று குறுணி நெல்லும்



நவராத்திரி என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் விரதத்தின் முழுப்பெயர் சாரதா நவராத்திரி. சரத் என்பது மாரி ஓய்ந்து வானம் தெளிகின்ற பருவம். யாழ்ப்பாணத்தில் இருந்தவரை இந்தப் பெயரின் பொருளை நாம் கண்ணால் கண்டதில்லை. அங்கே ஐப்பசி பிறந்தால் மழை தொடங்கிவிடும். சரஸ்வதி பூசைக்குக் குடையோடு பள்ளிக்கூடம் போனவர்கள் நம்மில் பலர். தமிழர் வகுத்த ஆறு பருவங்களிலே கார், கூதிர், முன்பனி, பின்பனி எல்லாம் உண்டு. இலை உதிர்வதைக் கொண்டு பெயர் வைத்த பருவம் ஒன்றும் இல்லை. ஒஷாவாவுக்கு வந்த பிறகுதான் அம்பாளுக்குரிய சரற்காலம் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரிய வந்தது.

இலை உதிர்வதை நிலையாமைக்கு உவமை சொல்லாத பிரசங்கியார் கிடையாது. கேட்டுக் கேட்டு நமக்கும் அலுத்துவிட்டது. ஆகவே அதை விட்டுவிடுகிறேன். வேறொன்றைச் சொல்லலாம். மேப்பிள் இலையிலே தெரிகின்ற மஞ்சள், குளிர் வந்தபின் புதிதாக உண்டாவதன்று. கோடை முழுவதும் அது இலைக்குள்ளேயே இருந்தது, பச்சை மறைத்திருந்தது. பச்சை அழியும்போது மஞ்சள் தெரிகிறது. சிவப்பு மட்டுமே இக்காலத்தில் இலை புதிதாக உண்டாக்குவது. நமது பிள்ளைகள் இதை விஞ்ஞான பாடத்தில் படிக்கிறார்கள். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குச் செம்பிற் களிம்பு உடனே நினைவுக்கு வரும்.

மரத்தைப் பார்த்து மனம் உருகிய நாயனார் ஒருவர் நமக்கு இருக்கிறார். மழநாட்டுத் திருமங்கலத்திலே பசு மேய்த்த ஆனாயர். கார்காலத்தில் கொன்றை மரம் ஒன்று பூத்து நிற்கிறது. பூங்கொத்துகள் மாலைபோலத் தொங்குகின்றன. கொன்றை சூடிய பெருமானாகவே அந்த மரம் அவருக்குத் தோன்றுகிறது. கையிலிருந்த குழலை எடுத்து ஐந்தெழுத்தை ஊதுகிறார். பசு அசைபோடுவதை நிறுத்துகிறது, கன்று பால் குடிப்பதை மறக்கிறது, பகையான விலங்குகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்று கேட்கின்றன. இறைவன் அம்மையோடு எழுந்தருளி, குழல் ஊதியபடியே வரச்சொல்லி அவரை அழைத்துக்கொள்கிறான். குழலுக்கு மூங்கிலை எப்படித் தெரிவது, எங்கே துளையிடுவது, விரல் எப்படி நடப்பது என்பதையெல்லாம் சேக்கிழார் நின்று நிதானமாகச் சொல்கிறார். அறுபத்துமூவரில் கல் எறிந்தவரும் உண்டு, கண் கொடுத்தவரும் உண்டு. ஆனாயர் செய்தது குழல் ஊதியது மட்டுமே. அவருடைய குருபூசை கார்த்திகை அத்தத்தில் வருகிறது. ஆண்டுதோறும் அன்றைக்கு நமது ஆலயத்தில் வரவு குறைவு. பனிக்குப் பயந்தோ, நாயனாரைத் தெரியாமலோ, நான் சொல்லமாட்டேன்.

இப்பருவத்தில் நம்மைச் சுற்றியிருக்கும் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1957ஆம் ஆண்டு முதல் ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை நன்றி நவிலும் நாளாக நிலைபெற்றது. விளைச்சல் வீட்டுக்கு வந்ததற்குக் கடவுளுக்கு நன்றி. நமது புதிரும் பொங்கலும் போலத்தான். பக்கத்துப் போமன்வில்லிலே ஒக்டோபரில் அப்பிள் விழா. தேவாலயங்களின் மண்டபங்களில் ஊரார் கூடி இராச்சாப்பாடு. நவம்பர் 11ஆம் திகதி மெமோரியல் பார்க் நினைவுத் தூணருகில் கிழவர்களும் குழந்தைகளும் குளிரில் நிற்பார்கள். ஓர் ஊதுகுழல் தனியே ஒலிக்கும், பிறகு இரண்டு நிமிடம் ஒரு சத்தமும் இராது. போரில் இறந்தவர்களை நினைக்க நாமும் கடமைப்பட்டவர்கள், நமக்கும் அந்தத் துயரம் தெரியும். ஆகவே அந்த இடத்தில் நம்மவர் சிலராவது நிற்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அதே பூங்காவில் மக்லாக்லின் பெயரைத் தாங்கிய வாத்திய அரங்கு ஒன்றும் உண்டு. குதிரை வண்டி செய்த குடும்பம் அது. 1907இல் மோட்டார் வண்டி செய்யத் தொடங்கி, 1918இல் ஜெனரல் மோட்டர்ஸ் கனடாவாக ஆனது. அந்தத் தொழிற்சாலையால் வாழ்ந்த நகரம் இது. 2019 டிசம்பரில் வண்டி செய்வது நின்றபோதும், 2021 நவம்பரில் மீண்டும் தொடங்கியபோதும் எத்தனை வீடுகளில் எத்தனை பேச்சு நடந்தது என்பதை நாம் அறிவோம். இரும்பும் எண்ணெயும் மணக்கும் இப்படிப்பட்ட ஊரிலேயே, நகரத்து வாத்தியகோஷ்டி உட்கார்ந்து வாசிப்பதற்கு ஒரு கூரை வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். தேவாலயத்துக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அங்கே பாட்டுப் புத்தகம் எல்லோர் கையிலும் இருக்கும். குரல் நல்லதோ கெட்டதோ, எல்லோரும் எழுந்து நின்று பாடுவார்கள்.

நமது ஆலயத்திலே பூசையில் தீபாராதனை முடிந்து, பஞ்சபுராணம் ஓதும்படி ஐயர் திரும்பிப் பார்க்கிறார். அப்போது என்ன நடக்கிறது? எழுபது வயதைக் கடந்த இரண்டு மூன்று பெரியவர்கள் முன்னே வருகிறார்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம், திருப்புகழ் என்று ஒழுங்கு தவறாமல் ஓதுகிறார்கள். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னே தள்ளியபிறகு மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். பெரியவர்களை ஏற்றிவர ஆள் இல்லாத நாட்களில் அந்த இடம் வெறுமையாகிவிடும். அப்போது ஒருவர் கைத்தொலைபேசியை ஒலிவாங்கிக்குக் கிட்டப் பிடிக்கிறார். சீர்காழியோ தருமபுரமோ, நல்ல சாரீரம், சுத்தமான பண், ஒரு குறையும் சொல்ல முடியாது. முன்பு கசற்றில் வந்தது, பிறகு சீடியில் வந்தது, இப்போது இதில் வருகிறது.

இதில் என்ன பிழை என்று இளைஞர் ஒருவர் நேர்மையாகக் கேட்டார். நமது மாமாக்கள் பாடுவதைவிட அது நன்றாக இருக்கிறதே என்றார். கேள்வி நியாயமானது. ஆகவே நியாயமான பதில் சொல்ல வேண்டும்.

பூசையில் இசை அலங்காரத்துக்காகச் சேர்த்த பொருள் அன்று. சந்தனம், புஷ்பம், தூபம், தீபம் போல அதுவும் ஓர் உபசாரம். கொடியேற்றத்தன்று நவசந்தி செய்யும்போது பிரமசந்தி முதலாக ஒவ்வொரு திக்குக்கும் இன்ன பண், இன்ன இராகம், இன்ன தாளம், இன்ன நிருத்தம் என்று ஐயர் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். நாம் அப்போது நிழற்படம் எடுப்பதில் மும்முரமாக இருப்பதால் கவனிப்பதில்லை. உபசாரம் என்றால் கொடுப்பவர் ஒருவர் இருக்க வேண்டும். பூவின் படத்தை யாரும் அருச்சனைத் தட்டில் வைப்பதில்லை. வீட்டிலே கேட்பதற்கும், காரிலே கேட்பதற்கும், படுக்கையில் கிடக்கும் நோயாளி கேட்பதற்கும் ஒலிப்பதிவு பெரிய உதவி. அதை நான் குறை கூறவில்லை. சந்நிதியில் கொடுப்பதற்கு அது போதாது.

பாட்டு நன்றாக இருக்க வேண்டாமா என்று கேட்டால், மதுரையிலே நடந்ததைச் சொல்வேன். ஏமநாதன் என்ற பெரும் பாடகன் வரகுண பாண்டியன் சபைக்கு வந்து எல்லோரையும் வெல்லும் நிலையில் இருந்தான். எதிர்த்துப் பாட அரசன் குறித்தது சோமசுந்தரக் கடவுளின் சந்நிதியில் பாடிவந்த பாணபத்திரரை. அவர் இறைவனிடம் போய் அழுதார். அன்று மாலை கிழவன் ஒருவன் விறகுக் கட்டோடு வந்து ஏமநாதன் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் களைப்பாற உட்கார்ந்து சாதாரிப் பண்ணைப் பாடினான். உள்ளே இருந்தவன் வெளியே ஓடிவந்து, 'நீ யார்?' என்று கேட்டான். பாணபத்திரரிடம் படிக்கப் போனேன், வயது போய்விட்டது, இசைக்கு நீ உதவாய் என்று தள்ளிவிட்டார் என்றான் கிழவன். ஏமநாதன் இரவோடு இரவாக ஊரை விட்டுப் போய்விட்டான். திருவிளையாடற் புராணத்தில் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு. எந்த வேடமும் எடுக்க வல்ல பெருமான், சபைக்குள் வித்துவானாக வரவில்லை. இசைக்கு உதவாதவன் என்று தள்ளப்பட்ட கிழவனாக, யாரும் அழைக்காத இடத்தில், திண்ணையிலே உட்கார்ந்து பாடினான். நமது மாமாக்கள் பாடுவதைக் குறை சொல்பவர்கள் இந்தப் படலத்தை ஒருமுறை படித்துவிட்டுச் சொல்லட்டும்.

இன்னும் முக்கியமானது தேவாரத்தின் கதை. சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி தில்லைக் கோயிலில் பூட்டிய அறையைத் திறப்பித்தபோது ஏடுகளைக் கறையான் மூடியிருந்தது. எஞ்சியதை எடுத்துத் தொகுத்தார் என்பதை எல்லோரும் அறிவோம். அதற்குப் பிறகு நடந்ததைத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. அதைப் பலர் நினைவில் வைத்திருப்பதில்லை. ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. பாட்டு எழுத்தில் இருக்கும். பாடும் முறை எழுத்தில் இராது. சம்பந்தப் பிள்ளையாரோடு கூடவே சென்று யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த எருக்கத்தம்புலியூருக்குப் போனார்கள். அவருடைய மரபிலே வந்த ஒரு பெண்ணுக்கு அந்தப் பண்முறை வந்தது. அவள் பாடிக் காட்ட, பண் வகுக்கப்பட்டது. அரசனுடைய கோயிலும் பூட்டிய அறையும் காக்க முடியாததை ஒரு பெண்ணின் தொண்டை காத்துத் தந்தது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அங்கிருந்து வெளிக்கிட்ட நமது தாய்மார் பலர் ஒரு பையோடு வந்தார்கள். பையில் என்ன வந்தது என்பதை விமான நிலையத்தில் திறந்து பார்த்தார்கள். தொண்டையில் வந்ததை யாரும் திறந்து பார்க்கவில்லை. கந்தசஷ்டிக் காலத்தில் ஒருவர் கந்தபுராணம் படிக்க மற்றவர் பயன் சொல்லும் முறை, விதானையார் வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் கேட்ட அந்த இழுவை, நமது முதியவர் சிலரிடம் இன்னும் இருக்கிறது. இது அவசரமான விடயம். ஏனென்றால் அவர்களுக்கு வயது எண்பது.

அந்த யாழ்ப்பாணரைப் பற்றி மேலும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் பாணர் குலம். அக்காலத்து வழக்கப்படி கோயிலுக்கு வெளியே நின்று வாசித்தவர். மதுரை ஆலவாயில் இறைவன் கட்டளையால் அடியார்கள் அவரை உள்ளே அழைத்தார்கள். அவர் நிலத்தில் உட்கார்ந்து யாழை வாசிக்கத் தொடங்க, ஈரத்தரையின் குளிர் தாக்கினால் நரம்பு தளரும், பொற்பலகை இடுங்கள் என்று அசரீரி எழுந்தது. யாழ் நனையக்கூடாது என்பதில் ஆண்டவனுக்கு அவ்வளவு கவலை! திருச்சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்ற அந்தணர் வீட்டில் சம்பந்தர் தங்கியபோது, பாணருக்கும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியாருக்கும் இடம் வேண்டும் என்றார். வேள்வி வேதிகையின் அருகிலேயே இடம் கொடுத்தார் நீலநக்கர். அக்கினி வலஞ்சுழித்து ஓங்கி எரிந்தது என்கிறார் சேக்கிழார்.

இதை நாம் படித்தோம், கண்ணீர் விட்டோம், ஊரிலே வேறுவிதமாக நடந்தோம். அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் தட்சணாமூர்த்தியின் தவிலையும் விடிய விடிய இருந்து கேட்ட மக்கள் நாம். இன்றைக்கும் அந்தப் பெயர்களைச் சொன்னால் பெரியவர்களின் முகம் மலரும். ஆனால் மேளகாரரை எங்கே உட்கார வைத்தோம், எதில் சாப்பாடு கொடுத்தோம், எந்தப் பெயர் சொல்லி அழைத்தோம் என்பதையும் அந்தப் பெரியவர்கள் அறிவார்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததை மறைத்து நமது பிள்ளைகளுக்குச் சைவம் படிப்பிக்க முடியாது. கடல் கடந்தபிறகு அது போய்விட்டது என்று சிலர் சொல்கிறார்கள். ரொறன்ரோ பெரும்பாகத்து ஆலயம் ஒன்றிலே, இரண்டு மணித்தியாலம் சுவாமியோடு சுற்றி வாசித்துவிட்டு வந்த தவில்காரர், அன்னதான வரிசையின் கடைசியில் கடதாசிக் கோப்பையோடு நின்றதை நான் பார்த்தேன். புக்கை முடிந்திருந்தது. உபயகாரரின் உறவினருக்கு மேசை போட்டிருந்தார்கள்.

கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். ஆகவே எனக்கு மிகவும் பிடித்த சைவ நூல்களில் ஒன்று தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர். 1010ஆம் ஆண்டில் அந்தக் கோயிலை நிறைவு செய்த இராசராசன், திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமித்தான். ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். அளக்கும் மரக்காலுக்குப் பெயர் ஆடவல்லான்; நடராசப் பெருமானின் பெயரால் அளந்து கொடுத்தால் குறைத்து அளக்க யாருக்குக் கை வரும்? பெயர் பெயராகக் கல்லில் வெட்டியிருக்கிறது. 'பாடகர்கள், பலவகை' என்று மொத்தமாக எழுதி முடிக்கவில்லை.

அந்தக் கல்வெட்டில் ஒரு நிபந்தனை. இவர்களில் ஒருவர் இறந்தாலோ, வேறு தேசம் போனாலோ, அவருக்கு நெருங்கிய உரிமையுள்ளவர் அந்த நெல்லைப் பெற்று அந்த இடத்தில் நின்று பாட வேண்டும். அவருக்குப் பாட வராவிட்டால், பாட வல்ல ஒருவரை அவரே நிறுத்த வேண்டும். வேறு தேசம் போனவர்களுக்கும் சேர்த்து ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருவர் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்! அங்கே வெறுமையான இடத்துக்கு ஆள் நிறுத்துவதை அந்த மண்ணில் உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள். போன தேசத்திலும் சந்நிதி இருக்கிறதே, அங்கே யார் நிற்பது என்பதுதான் நம்முடைய கேள்வி. பாட வராதவருக்கும் கல்வெட்டு கடமை வைத்திருக்கிறது: பாட வல்லவரைத் தேடி நிறுத்துவதும், அவருக்குரிய நெல்லைக் கொடுப்பதும். இலவசமாக வந்து வாசியுங்கள், பிள்ளைக்கு மேடை அனுபவம் கிடைக்கும் என்று சொல்வது இராசராசன் வழி அல்ல. தென்னிந்தியத் திரையிசைக் கலைஞர் வந்தால் ஒரு குடும்பம் நுழைவுச் சீட்டுக்குக் கொடுக்கும் பணத்தையும், நமது ஆலயத்தில் ஒன்பது இரவும் வாசிக்கும் மிருதங்கக்காரருக்குச் சங்கம் கொடுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

நவராத்திரி ஒன்பது நாளும் நாம் பாராயணம் செய்யும் சகலகலாவல்லி மாலை எப்படி வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பதினேழாம் நூற்றாண்டிலே ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த குமரகுருபரர் காசியிலே மடம் அமைக்க விரும்பினார். அங்கு ஆட்சி செய்தவர்களின் மொழி அவருக்குத் தெரியாது. அதைத் தரும்படி கலைமகளை வேண்டித் தமிழில் பாடினார் என்பது மரபு. தெரியாத தேசத்தில், தெரியாத பாஷைக்காக, தாய்மொழியில் கேட்ட வேண்டுதல். ஆங்கில வகுப்புக்கு இரவில் பஸ் ஏறிப் போன தகப்பன்மாருக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு வேறு இல்லை. பத்தே பாடல்கள்தான். பிள்ளைக்கு எழுத்து வாசிக்க வராவிட்டால், தாய் ஓர் அடி சொல்லப் பிள்ளை ஓர் அடி சொல்லலாம். தேவாரம் அப்படித்தான் எழுத்தறியாத வீடுகளிலும் வாழ்ந்தது.

இந்த ஆண்டு நவராத்திரி முதல் கந்தசஷ்டி வரைக்கும் சபையார் செய்யக்கூடியவை சிலவற்றை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பஞ்சபுராணத்துக்கு நாளுக்கு ஒரு குடும்பம் பொறுப்பெடுப்பது. அதில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் சேர்ந்து நிற்பது. அந்தப் பெரியவர்களை ஏற்றி இறக்க, கார் வைத்திருப்பவர்கள் பெயர் தருவது. பிள்ளைகள் பாடும்போது பெற்றோர் தங்கள் பிள்ளை முடிந்ததும் எழுந்து போகாமல் கடைசிப் பிள்ளை பாடும் வரைக்கும் இருப்பது. விஜயதசமியன்று ஏடு தொடக்கும் பிள்ளைகளுக்கு அரியோடு ஒரு தேவார வரியும் சொல்லிக் கொடுப்பது. மானம்பூவுக்குச் சுவாமி வெளியே எழுந்தருளும் வேளையில் நாதஸ்வரக்காரர் குளிரில் கையுறை இல்லாமல் வாசிக்க வேண்டியிருப்பதால், வாழை வெட்டை நீட்டாமல் முடிப்பது.

வாத்தியங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவு முழுவதும் காரின் பின்பெட்டியில் கிடந்த மிருதங்கத்தையும் தவிலையும் சூடான மண்டபத்துக்குள் கொண்டுவந்து உடனே வாசிக்கச் சொல்லக்கூடாது. வீட்டுச் சூடேற்றும் இயந்திரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். தோல் இறுகும், சுருதி ஏறும், வீணையின் பலா மரம் வெடிக்கும், நாதஸ்வரத்தின் சீவாளி காயும். வாசிப்பவர்கள் ஒரு மணித்தியாலம் முன்பே வந்து சுருதி சேர்க்க ஓர் அறை வேண்டும். கீழ்மண்டபத்தில் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்திலுள்ள அறை போதும். அங்கே நிலம் சீமெந்து, குளிர் ஏறும். மரவேலை தெரிந்த அடியார் ஒருவர் ஆறடிக்கு நாலடியில் உயரமான பலகை ஒன்று செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். பொன்னில் செய்ய நமக்கு வசதியில்லை. மேப்பிள் மரத்தில் செய்கிறார். மேலே விரிக்கக் கம்பளம் தர விரும்புபவர்கள் அலுவலகத்தில் பெயரைப் பதியலாம். பூசை முடிந்ததும் வாத்தியகாரருக்கு அந்தப் பலகைக்கே முதல் பந்தி பரிமாறப்படும். அன்றைய உபயகாரர் தம் கையால் பரிமாறுவார்.